கடனும் நோயும் ஒரே வீட்டில்: பண நெருக்கடியில் ஜாதகத்தையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை

ஜாதகக் கட்டத்தில் லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசியிலிருந்து, எண்ணி வரும் ஆறாம் வீட்டுக்கு ருண ரோக சத்ரு ஸ்தானம் என்று பெயர். கடன், நோய், பகை ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரே வீட்டில் குடிவைத்தார்கள். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜாதகம் பார்த்து வரும் எனக்கு, அந்த ஏற்பாட்டின் அருமை தாமதமாகத்தான் விளங்கியது. மாங்காய் விலை படுத்துவிட்ட ஆண்டிலும், தக்காளியைப் பறிக்கும் கூலிகூடத் தேறாத மாதத்திலும் என்னிடம் வந்து, "கடன் எப்போது தீரும் சாமி?" என்று கேட்பவர்களில் பலர், நன்றாகத் தூங்கி வாரக்கணக்கில் ஆனவர்களாக, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டவர்களாக, வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய கடனை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பலன் சொல்வது அரைகுறை வேலை என்பதால், நான் அவர்களுக்குச் சொல்லி வரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கிரகப் பெயர்ச்சியாலும் வட்டி குறையாது. ஜோதிடம் நமக்குத் தருவது காலத்தைப் பற்றிய ஒரு கணக்கையும், இன்ன நாளில் இன்ன வேலையைச் செய் என்ற ஒழுங்கையும், இந்தக் கஷ்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்ற தெம்பையும்தான். அது சிறிய உதவியன்று. இடிந்து உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து கணக்கைத் திறக்க ஒரு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தக் கணக்கு நோட்டைத்தான் ஜாதக நோட்டுக்கு முன்னால் திறக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டை அந்த அம்மா என் முன்னே வைத்தபோது, அதன் நடுப்பக்கத்திலிருந்து மூன்று தண்டல் அட்டைகள், அதாவது தினத்தவணைக் கடனில் கட்டியதைக் குறிக்கும் அட்டைகள், நழுவி விழுந்தன. கணவருக்கு அவற்றில் ஒன்றுதான் தெரியும். அவர் அட்டைகளைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. நான் கட்டத்தைப் பார்க்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, எதை ஈடு வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எழுதி முடித்தபோது தொகை அவர்கள் பயந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எண்ணிப் பார்க்காத கடன் மனத்துக்குள் பெருத்துக்கொண்டே போகும் என்பதை அன்றைக்கு நேராகப் பார்த்தேன்.

தாளில் எழுதும்போது எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுங்கள். நம் ஊரில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். 'அஞ்சு வட்டி' என்றால் 60 சதவீதம். தண்டலின் கணக்கு இன்னும் கடுமையானது. 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்கினால், அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்க்கையில், ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம் ஆகிறது. தொகை சிறியதாக இருப்பதால் இது கண்ணுக்குப் படுவதில்லை. மாறாக, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. கெடு தாண்டினால்தான் வட்டி ஏறும். ஆகவே கெடு தேதி உள்ள கடன்களையும், ஏலத்துக்குப் போகக்கூடிய நகைக்கடன்களையும் தாளின் தலைப்பில் எழுதி, அதற்கடுத்து ஆண்டு வட்டி அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்துங்கள். அடைக்க வேண்டிய வரிசையும் அதுதான். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பது என்ற பழக்கத்தால்தான் பல குடும்பங்கள் மூழ்குகின்றன.

இந்த இடத்தில் ஜோதிட மரபு ஓர் அழகான வழியைக் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமையும் அசுவினி நட்சத்திரமும் கூடிய நாளில் மேஷ லக்னம் நடக்கும் பொழுதையும், செவ்வாய்க்கிழமையும் அனுஷமும் கூடிய நாளில் விருச்சிக லக்னம் நடக்கும் பொழுதையும் மைத்ர முகூர்த்தம் என்பார்கள். அந்த இரண்டு மணி நேர அளவுக்குள் அசலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் விரைவில் தீரும் என்பது நம்பிக்கை. இதில் நான் மதிப்பது, வட்டிக்குக் கட்டுவதைக் கணக்கில் சேர்க்காமல், அசலைத் தொடு என்று அது சொல்வதைத்தான். அதேபோல் ராகுகாலம் போல நாள்தோறும் வரும் ஒன்றரை மணி நேரமான குளிகையில் செய்யும் காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால், அந்த நேரத்தில் கடன் வாங்காதே, அடை என்பார்கள். செவ்வாய்க்கிழமை குளிகை பகல் 12 மணி முதல் 1.30 வரை. எங்கள் ஊர்ச் சந்தையும் செவ்வாய்க்கிழமைதான்; ஆடோ தேங்காயோ விற்ற காசு கையில் இருக்கும் அந்த நேரத்திலேயே 500 ரூபாயானாலும் அசலுக்கென்று கட்டி, ரசீது வாங்கி, நோட்டில் வரவு வைக்கச் சொல்கிறேன். மைத்ர முகூர்த்தம் எப்போதாவதுதான் வாய்க்கும். செவ்வாய்க்கிழமை வாரந்தோறும் வரும். ஒன்று மட்டும் கவனம்: முகூர்த்தத்தில் கட்ட வேண்டும் என்பதற்காக இன்னொருவரிடம் கைமாற்று வாங்காதீர்கள், முகூர்த்தம் வரட்டும் என்று தவணையைத் தள்ளியும் போடாதீர்கள்.

அடுத்தது சனி பயம். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இருப்பதால், நம் ராசியையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ராசிகளையும் சேர்த்து மூன்று ராசிகளைக் கடக்கும் காலம் ஏழரைச் சனி ஆகிறது. பஞ்சாங்கக் கணித முறை இரண்டு உண்டு. திருக்கணிதப்படி அவர் மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2026 மார்ச் 6. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் ஆண்டு இருக்கிறது. சனி மீனத்துக்கு வந்ததும் ஏழரை தொடங்கும் மேஷ ராசிக்காரர் ஒருவர் இந்த இரண்டு தேதிகளையும் கேட்டுவிட்டு இரண்டு முறை பயந்தார். கைப்பேசியில் வரும் ராசிபலனை நாளுக்கு நான்கு முறை பார்ப்பது, காய்ச்சலில் நிமிஷத்துக்கு ஒருமுறை உடம்பைத் தொட்டுப் பார்ப்பது போன்றது. ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஒருவரிடம், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நடக்கும் தசை (ஒரு கிரகத்தின் ஆட்சிக்காலம்) என்ன, அது எப்போது முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குள் எந்தெந்தக் கடனை முடிப்பது என்று உங்கள் தாளில் தேதி போடுங்கள். அப்படிச் செய்தால் சனி உங்களைப் பயமுறுத்துபவராக இல்லாமல், பொறுமையாக உழைக்கச் சொல்லும் பெரியவராகத் தெரிவார்.

இனி, அதே ஆறாம் வீட்டில் இருக்கும் நோய். பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது பெரியவர்களின் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்தான்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டைக் குறைத்துத் தவணை கட்டுவதும் கூடாது. ராகிக் களியும் கீரைக் கடைசலும் நம் மண்ணில் செலவு குறைந்த, வயிறு நிறைந்த உணவு. கஷ்ட காலத்தில் அதை ஏழ்மையின் அடையாளமாக நினைத்து ஒதுக்காமல் வேளாவேளைக்கு உண்ணுங்கள்.

இரண்டாம் வீட்டுக்கும் இதே அருமை உண்டு. தனம், வாக்கு, குடும்பம் மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. பணம் போனால் பேச்சு கெடும், பேச்சு கெட்டால் குடும்பம் கெடும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, பெங்களூரா ரக மாங்காய் மாங்கூழ் ஆலைக்குப் போகும் பருவத்தில் விலை விழுந்து, கையிலிருந்ததையெல்லாம் இழந்த ஆண்டு அது. மனைவியிடம் சொல்லாமல் நகையை அடகு வைத்தேன். கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தேன். அந்தக் குழப்பத்தில், நான் பெரிதும் மதித்த மூத்த ஜோதிடர் ஒருவர் சொன்ன 18,000 ரூபாய்ப் பரிகார ஹோமத்துக்காக அவளுடைய கம்மலும் அடகுக்குப் போனது. ஜாதகம் தெரிந்த நானே அப்படி நடந்துகொண்டேன் என்றால், தெரியாதவர்கள் நிலை என்ன என்று இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. கடனுக்கான பரிகாரம் இன்னொரு கடனை உண்டாக்குமானால் அது பரிகாரமே அன்று. என்னைக் கேட்டால், ஒரு விளக்கும் எண்ணெயும் போகவர பஸ் காசும் தாண்டிய எந்தப் பரிகாரத்துக்கும் கடன்பட்டவர் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆகவே வாரத்துக்கு ஒருநாள், விளக்கு வைத்த பிறகு, கணவனும் மனைவியும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுங்கள். 'நீ வாங்கினாய்', 'நான் வாங்கினேன்' என்ற சொற்களை அந்த அரை மணியில் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாட்களில் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கடன் பேச்சை எடுக்காதீர்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு, பணம் சற்று முடையாக இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் தங்களால்தான் இப்படி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டாம் வீடு விரய ஸ்தானம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே சயன ஸ்தானமும்கூட என்பதை, அதாவது செலவும் தூக்கமும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதை, அதிகம் பேர் நினைப்பதில்லை. தூக்கம் கெட்டவர் அவசர முடிவு எடுப்பார். நள்ளிரவில் கைப்பேசிச் செயலியில் கடன் வாங்குபவர் தெளிந்த மனத்தோடு வாங்குவதில்லை. இரவு எட்டு மணிக்குமேல் கணக்குப் பார்ப்பதையும் கடன் முடிவு எடுப்பதையும் நிறுத்துங்கள். படுத்தபின் நினைவுக்கு வருவதைப் பக்கத்திலுள்ள துண்டுத்தாளில் எழுதிவிட்டு, மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் செய்தால் படபடப்பு அடங்கும். மனோகாரகனான சந்திரனுக்கு நான் சொல்லும் பரிகாரம் இதுதான். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நடை இருந்தால் இரவுத் தூக்கம் இன்னும் நன்றாக வரும்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியிலுள்ள அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டத்திலும் ஏராளம். சாம்பல் பூசணியைப் பாதியாக அரிந்து, எண்ணெய் விட்டுத் திரியேற்றி, வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் தன் கஷ்டத்தை உங்களிடம் சொல்லத் தொடங்குவார். தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அந்த வரிசையில் கரைந்துவிடும். மாதம் ஒருமுறை அந்த நாளையே உங்கள் கடன் தாளைத் திருத்தி எழுதும் நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வீட்டின் மூன்றாவது ஆள் சத்ரு. வசூலுக்கு வருபவர் வாசலில் நின்று அவமானப்படுத்தினால் அதை விதி என்று பொறுக்க வேண்டாம். நுண்கடன் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக்கூடாது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரவும் கூடாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2025-ல் வந்தது. வந்தவர் பெயர், தேதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள். தகுதியுள்ளவர்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

எந்த ஜோதிடரிடமும் வரக்கூடாத நேரம் ஒன்று உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, வீட்டில் ஒருவர் திடீரென்று பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பதும் விடைபெறுவதுபோல் பேசுவதுமாக இருந்தாலோ, கட்டத்தைத் திறக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ எந்த நேரமும் தமிழில் பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அந்த எண்ணம் வந்தவரைத் தனியே விடாமல் யாராவது கூடவே இருங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலக்கோட்டுத் தம்பதிக்கு மூன்று தண்டலில் ஒன்று நான்கு மாதத்தில் முடிந்தது. முடிந்த அட்டையை அந்த அம்மா கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அவருடைய கணவர் ஜாதகம் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த அசுவினி எந்தச் செவ்வாய்க்கிழமையில் வருகிறது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.