மெக்சிகன் சமையல்: வீட்டு அடுப்பில் எங்கே தப்பு நடக்கிறது

மெக்சிகன் சமைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று பொருள் வாங்கி வருகிறார்கள். டாக்கோ (ரொட்டிக்குள் கறியோ பீன்ஸோ வைத்து மடித்தது) சீசனிங் பாக்கெட் ஒன்று, பாட்டிலில் அடைத்த சல்சா, அதாவது அவர்கள் ஊர்ச் சட்னி, ஒன்று, மஞ்சள் சீஸ் ஸ்லைஸ் ஒரு கட்டு. மூன்றுமே வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல பழுத்த தக்காளியும் காஷ்மீரி மிளகாய் வற்றலும் வாங்கினால் ருசி எங்கேயோ போய்விடும்.

அந்த சீசனிங்கில் இருப்பது பெரும்பாலும் மிளகாய்த்தூள், சீரகம், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, உப்பு. இது மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் டெக்சாஸில் வளர்ந்த சமையலின் வாசனை. வளைந்து மொறுமொறுவென்று நிற்கும் டாக்கோ ஓடு, மஞ்சள் சீஸ், சில்லி கான் கார்னே என்ற மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு எல்லாம் அந்தக் குடும்பம். சிப்ஸ் மேல் சீஸ் உருக்கிய நாச்சோஸ்கூட மெக்சிகோவின் எல்லையோர ஊரான பியத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் 1940களில் எல்லை தாண்டி வந்த வாடிக்கையாளர்களுக்கு அவசரத்துக்குச் செய்து கொடுத்ததுதான். அதெல்லாம் நல்ல சாப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெக்சிகோ நகரத் தெருவோரக் கடையில் கிடைக்கும் டாக்கோவை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே ருசியைக் கொண்டுவருவது காய்ந்த, சூடான கல். கோமால் என்பார்கள். நம் வீட்டு இரும்பு தோசைக்கல் அந்த வேலையை அப்படியே செய்யும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சமையலுக்கு அடித்தளம் மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய். நாமும் சொல்லி வைத்தாற்போல இந்த மூன்றில்தான் கோட்டை விடுகிறோம்.

முதலில் மாவு. கார்ன் ஃப்ளோர் என்று நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க உதவும், டார்ட்டியா என்ற மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி வராது. சரி, மக்காச்சோளத்தை மில்லில் கொடுத்து அரைத்த மஞ்சள் மாவு இருக்கிறதே என்றால், அதுவும் சரிப்படாது. எவ்வளவு பிசைந்தாலும் ஓரம் வெடிக்கும், கையில் எடுத்து மடித்தால் இரண்டாகப் போகும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் தோல் கழன்றுவரும்படி கழுவி அரைக்கிறார்கள். இதற்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு தானியத்தின் தோலை இளக்குவதால்தான் மாவுக்குப் பிடிமானம் வருகிறது, அந்தத் தனி வாசனையும் வருகிறது. இன்னொரு பெரிய விஷயம், மக்காச்சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை இந்த முறை விடுவித்துக் கொடுக்கிறது. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தப் பக்குவம் கூடவே போகவில்லை. அதையே பிரதான உணவாகச் சாப்பிட்ட வடக்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் அவதிப்பட்டார்கள்.

ஆகவே கேட்டு வாங்க வேண்டியது மாசா ஹரினா. நிக்ஸ்தமால் செய்து அரைத்து உலர்த்திய மாவு அது. ஆன்லைனில் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதல்தான். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆரம்பித்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பிசைந்ததும் தட்ட உட்காராதீர்கள், ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் விடுங்கள், மாவு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் அதிகம். சப்பாத்திக் கட்டையில் மாவு தூவித் தேய்ப்பது இன்னொரு தவறு. பால் பாக்கெட் உறையை வெட்டிக் கழுவி, இரண்டு தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்து, அடி தட்டையான கனமான பாத்திரத்தால் அழுத்தினால் போதும்.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். போட்ட இருபது நொடியில் ஓரம் கல்லை விட்டுக் கிளம்பும், உடனே திருப்புங்கள். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம் போல. மறுபடி திருப்பி, நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் உப்பி எழும். பாதிப் பேர் இதுவரை சரியாகச் செய்துவிட்டு, சுட்டதைத் தட்டில் திறந்தபடி பரப்பி வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் அது அட்டை. சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி வையுங்கள். அந்த ஆவியில்தான் டார்ட்டியா மென்மையாகிறது.

மாசா ஹரினா கிடைக்கவில்லை என்றால் கோதுமைக்குப் போய்விடுங்கள், அது ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. வட மெக்சிகோவில், குறிப்பாக சொனோரா மாநிலத்தில், கோதுமை டார்ட்டியாதான் அன்றாடச் சாப்பாடு. மைதாவில் உப்பும் கொழுப்பும் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, அரை மணி நேரம் விட்டு, மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் விடாமல் சுட வேண்டும். அவசரத்துக்குச் சப்பாத்தியும் ஓடும்.

அடுத்து மிளகாய். உலகத்துக்கே மிளகாய் கொடுத்த ஊர்களில் மெக்சிகோ முக்கியமானது, நமக்கும் போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்து சேர்ந்தது. அதனால் மிளகாய் விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு இருக்கும். அங்கேதான் சறுக்குகிறோம். நமக்கு மிளகாய் என்றால் முதலில் காரம். அங்கே ஆஞ்சோ, குவாஹியோ போன்ற வற்றல்களைப் போடுவது நிறத்துக்கும் மணத்துக்கும் குழம்பின் கனத்துக்கும்தான், காரத்துக்கு வேறு மிளகாய் இருக்கிறது. குவாஹியோவுக்குப் பதில் காஷ்மீரி அல்லது பியாட்கி வற்றல் நன்றாகப் பொருந்தும். குண்டூர் மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் சல்சா நாக்கில் வைக்க முடியாது. ஆஞ்சோவின் உலர்திராட்சை மாதிரியான இனிப்பு மணத்துக்கு நம்மிடம் ஈடு இல்லை. அதை ஈடுகட்ட சர்க்கரை போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

வற்றலை வறுக்கும் விதம் இருக்கிறதே, அதில்தான் முக்கால்வாசி சமாச்சாரம். காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, ஒரு பக்கம் கீறிப் பிரித்துக்கொள்ளுங்கள். மிதமான சூட்டில் கல்லில் பரப்பி, தோசைத் திருப்பியால் அழுத்திப் பிடித்தால் பத்துப் பதினைந்து நொடியில் நிறம் சற்று வெளிறி, மணம் கிளம்பும். உடனே மறுபக்கம், அங்கேயும் அவ்வளவுதான். புகை வந்து கறுத்துவிட்டால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், கருகிய ஒரே ஒரு வற்றல் மொத்த சல்சாவையும் கசக்க வைத்துவிடும், அப்புறம் எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. வறுத்ததை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு அரைக்க வேண்டும். ஊறிய தண்ணீரை அப்படியே மிக்ஸியில் ஊற்றும் பழக்கம் வேண்டாம், ருசி பாருங்கள், கசந்தால் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் சேருங்கள். அரைத்ததை வடிகட்டவும் வேண்டும், தோல் துணுக்கு பல்லில் மாட்டும்.

தக்காளிக்கு நேர்மாறான விதி. அது கருக வேண்டும். முழுத் தக்காளி, தோலோடு பூண்டுப் பற்கள், தடியாக நறுக்கிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாமல் கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்ததும் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள். தக்காளிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும், தோல் ஆங்காங்கே கறுத்து, உள்ளே குழைந்து, சாறு கசிந்து கல்லில் சுர்ரென்று ஒட்டும்வரை விடலாம். பூண்டு அதற்கு முன்பே மெத்தென்று ஆகிவிடும், அதைத் தனியே எடுத்துத் தோலுரித்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலைக் குழாயடியில் கழுவுவதைப் போல அநியாயம் வேறில்லை, சுட்ட வாசனை முழுக்க சாக்கடைக்குப் போகும். கையால் கொஞ்சம் உரித்துவிட்டு மீதியோடு அரைத்தால் போதும். அரைப்பதும் ஒன்றிரண்டாகத்தான், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். அங்கே இதற்கென்று எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரல் வைத்திருக்கிறார்கள், வீட்டில் சின்ன உரல் இருந்தால் அதில் இடித்துப் பாருங்கள், மிக்ஸி சல்சாவுக்குத் திரும்ப மனசு வராது. பச்சை வெங்காயம் சேர்ப்பதானால் பொடியாக நறுக்கிக் கடைசியில் கையால் கலக்கவும். மிக்ஸியில் போட்டால் நெடியும் கசப்பும் ஏறும்.

என்சிலாடா (சல்சா ஊற்றிய, சுருட்டிய டார்ட்டியா) மாதிரி சமைக்கிற பண்டத்துக்கு இந்த சல்சாவை ஊற்றுவதாக இருந்தால் இன்னொரு படி உண்டு, சமையல் குறிப்புகளில் பலர் தாண்டிப் போகிற படி. வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, அரைத்த சல்சாவை அதில் கொட்ட வேண்டும். சத்தம் வராவிட்டால் எண்ணெய் காயவில்லை. ஐந்தாறு நிமிடம் கிளறினால் நிறம் கறுத்து, ஓரத்தில் எண்ணெய் தெரியும். பச்சை வாடை போவது இங்கேதான்.

பச்சை சல்சாவுக்குத் தேவையானது தொமாத்தியோ. மேலே காகிதம் போன்ற உறையோடு வரும் காய், நம் வயல் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் பேரினத்தைச் சேர்ந்தது. அது இல்லாமல் பச்சைத் தக்காளியை அரைத்துவிட்டுப் புளிப்பு சரியில்லையே என்று வருந்துவதைவிட, சிவப்பு சல்சாவே செய்யலாம்.

பீன்ஸுக்கு வருவோம். இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா போட்டால் அது ராஜ்மா மசாலா, அருமையான பண்டம், ஆனால் வேறு பண்டம். மெக்சிகோ வீடுகளில் பீன்ஸோடு பானையில் போவது பாதி வெங்காயம், கொஞ்சம் கொழுப்பு, உப்பு, சில ஊர்களில் எபசோத்தே என்ற இலை. தக்காளியையோ எலுமிச்சையையோ பீன்ஸ் வேகும் முன்பே சேர்க்காதீர்கள், புளிப்பு பட்டால் தோல் இளகாது, மணிக்கணக்கில் வெந்தாலும் நறுக்கென்றே இருக்கும். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும். குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்காத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டிப்போடும் நச்சுப்பொருள் அப்படியே இருக்கும், அதனால் கொதிக்கவிடாமல் நேராக ஸ்லோ குக்கரில் போடுவது ஆபத்து. வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். வெங்காயத்தைக் கொழுப்பில் சிவக்க வறுத்து, பீன்ஸைப் போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி மசித்தால் அதுதான் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீத்தோஸ். அடுப்பை அணைக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், ஆறினால் தானே கெட்டியாகும்.

அவகாடோவை மசித்துச் செய்யும் குவாகமோலேவில் சொல்ல அதிகம் இல்லை. அவகாடோ, உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, விருப்பமிருந்தால் தக்காளி. மயோனைஸ், தயிர், கிரீம் எதுவும் கிட்டே வரக்கூடாது, மிக்ஸியும் கூடாது. நம்மூரில் பழனி மலைப் பக்கத்திலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டில் பல வகைகள் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், ஹாஸ் வகை மாதிரி தோல் கறுக்கட்டும் என்று காத்திருந்தால் அழுகிவிடும். காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொட்டையைக் குவாகமோலே நடுவில் நட்டு வைத்தால் நிறம் மாறாது என்பது சும்மா. காற்று படுவதால்தான் கறுக்கிறது, பிளாஸ்டிக் தாளை அதன் மேல்பரப்போடு ஒட்டி மூடினால் சில மணி நேரம் தாங்கும். எலுமிச்சைக்காக அலைய வேண்டாம். அங்கே புழங்குவதும் நம் சின்ன எலுமிச்சை வகைதான், பெரிய மஞ்சள் லெமனைத் தேடி வாங்குகிறவர்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள்.

சீஸ் வைத்து மடித்துச் சுடும் டார்ட்டியாவான கேசடியாவுக்கு சீஸ் ஸ்லைஸ் வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம், அது உருகிக் கூழாகும், இழுபடாது. அங்கே போடும் ஓஹாக்கா சீஸ் நூல் நூலாகப் பிரியும். மொஸரெல்லாவும் அதே முறையில் இழுத்துச் செய்வது என்பதால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். மேலே தூவ கேசோ ஃப்ரெஸ்கோ என்ற உதிரும் சீஸ் இல்லையென்றால் பன்னீரை உதிர்த்து உப்பு பிசறிக்கொள்ளலாம். தீ குறைவாக இருக்கட்டும். பிட்சாவோடு வரும் ஓரிகனோ பொட்டலத்தைத் தூவாதீர்கள், மெக்சிகோவின் ஓரிகனோ வேறு செடி, வேறு வாசனை.

தக்காளி சாதத்தில், அதாவது அங்கே அர்ரோஸ் ரோஹோ என்பதில், தாளிப்பு கிடையாது. அரிசியை ஊறவைத்துக் கழுவி வடித்து, ஈரம் போக உலர்த்தி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த பிறகுதான் அரைத்த தக்காளி விழுது. மூடிய பிறகு கரண்டி போடக்கூடாது, குழையும்.

மிஞ்சிய டார்ட்டியாவைத் தூக்கிப் போடுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு, ஏனென்றால் நேற்றுச் சுட்டு விறைத்துப் போனதில்தான் சிலாக்கிலேஸ், அதாவது பொரித்த டார்ட்டியாவை சல்சாவில் கலந்த பண்டம், சரியாக வரும். புது டார்ட்டியாவில் ஈரம் இருப்பதால் எண்ணெயைக் குடிக்கும், சல்சா பட்டதும் கரையும். விறைத்ததை முக்கோணமாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சல்சாவைத் தனியே கொதிநிலையில் வையுங்கள், எல்லோரும் தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு இரண்டையும் கலந்து, மேலே வெங்காயம், உதிர்த்த பன்னீர், வேண்டுமானால் ஒரு ஆஃப் பாயில். முன்கூட்டியே கலந்து ஹாட் பாக்ஸில் போட்டு வைத்தால் உப்புமாதான் கிடைக்கும்.