மலையகத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குச் சென்று, தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் கட்டி, பின்னர் சட்டசபை உறுப்பினராகவும் ஆன ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுகிறவர், அவரைப் புகழ்ந்தவர்களின் எழுத்துக்கு முன் அவரை வெறுத்தவர்களின் எழுத்தைத் தேட வேண்டும். நினைவு மலர்களில் அடைமொழிகள் தாராளமாகக் கிடைக்கும்; எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில், என்ன கோரிக்கைக்காகப் பேசினார் என்பது அரிதாகவே கிடைக்கும். அவரைக் கண்டு அஞ்சிய, தோட்டங்களை நடத்திய துரைமாரும் பொலிஸாரும் அதிகாரிகளும் எழுதிய முறைப்பாடுகளிலும் அறிக்கைகளிலும்தான் தேதியும் இடமும் பெரும்பாலும் இருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடலைத் தொடங்கலாம். பழைய தமிழ் இதழ்கள் பலவற்றை இணையத்திலுள்ள நூலகம் தளத்திலேயே படிக்கலாம்.

கோ. நடேசய்யரை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த அவர் இதழாசிரியராக இயங்கினார். 1920களில் அன்றைய இலங்கைச் சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து, சட்டநிரூபண சபைக்குப் பதிலாக வந்த அரசாங்க சபைக்குத் தெரிவானார். வெளியார் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் பாயும் என்ற நிலையில், அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்குச் சென்றார் என்ற செய்தி பலராலும் சொல்லப்படுகிறது. இத்தகைய செய்தியைக் கண்டவுடன் அதன் சுவையில் மயங்கி எழுதிவிடாமல், வேடமிட வேண்டிய நிலையை உண்டாக்கிய சட்டத்தையும் வழக்கத்தையும் விளக்கிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் அது வெறும் சாகசக் கதையாகிவிடும்.

முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும்போது, “தலைவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் வாழ்த்துரைதான் வரும். சந்தாவை யார் வசூலித்தார், கூட்டம் நடக்கும் செய்தி லயத்துக்கு எப்படி வந்தது, சங்கத்தில் சேர்ந்தவருக்கு, தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணி என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். சொல்லப்பட்டதைச் சட்டங்களின் ஆண்டுகளோடு ஒப்பிடுவதும் அவசியம். தொழிலாளியின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவரை ஒரு கங்காணியிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றப் பயன்பட்ட துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே 1930களில் சங்கம் தொடங்கிய ஒருவர் துண்டை ஒழித்தார் என்று யாரேனும் கூறினால், அதை அப்படியே ஏற்க முடியாது. அதற்காக அக்கூற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒரு தலைவரின் பெயரில் மக்கள் எதையெல்லாம் ஏற்றிவைத்தார்கள் என்பதும் வரலாற்றுக்கு உரியதே.

கூட்டணி முறிவுகளை மழுப்பக் கூடாது. நடேசய்யர் முதலில் சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து கொழும்புத் தொழிலாளரிடையே பணியாற்றிப் பின்னர் பிரிந்தவர். பொருளாதார மந்தக் காலத்தில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரம் வலுத்ததைச் சொல்லாமல் அப்பிரிவின் விளைவை விளக்க இயலாது. தனிப்பட்ட மனக்கசப்பு என்று ஒரு வரியில் முடிப்பது எழுதுகிறவரின் சோம்பலையே காட்டும்.

சபை வாழ்க்கையைப் பற்றிய பகுதிக்கு நடவடிக்கைக் குறிப்புகள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே முதலில் கேட்க வேண்டியது, அவருடைய சங்க உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்தது என்பதே. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை இந்தியத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகளோடு கிடைத்தது. கிராமச் சபைத் தேர்தல்களில் அவர்கள் ஒதுக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன் பிறகு இயங்கிய ஒரு தலைவருக்குப் பின்னால் பெருந்திரளான உறுப்பினர் இருந்தும் நகரசபைத் தேர்தலில் அவர் தோற்றிருந்தால், அதைச் செல்வாக்குக் குறைவு என்று எழுதிவிடுவது பிழையாகும். வாக்காளர் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை, பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

குடும்பத்தைக் கடைசி அத்தியாயத்தில் ஒட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தாமே இயற்றிய பாடல்களைத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். அவருடைய இடம் போராட்ட அத்தியாயங்களுக்குள்ளேயே அமைய வேண்டும்.