டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பாடல்களை எந்த வரிசையில் கேட்பது?

அறுபதுகளின் ஆங்கிலப் பாப் பாடகியரில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டை அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஒரு தொகுப்பு ஆல்பத்தையே முதலில் எடுக்கின்றனர். அதில் லண்டனில் பதிவான பாடலும் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பதிவான பாடலும் அடுத்தடுத்து வருவதால், அந்தக் குரல் ஊருக்கு ஊர் மாறிய விதம் பிடிபடுவதில்லை. ஆகவே, பாடல்கள் பதிவான இடங்களின் வரிசையில் கேளுங்கள்.

அண்ணன் டாமுடன் இணைந்து பாடிய ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் குழுவின் ஓரிரு பாடல்கள் தொடக்கத்திற்குப் போதும். அடுத்து, 1963 நவம்பரில் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் தனிப்பாடலான 'ஐ ஒன்லி வான்ட் டு பி வித் யூ'வுக்கு வாருங்கள். இசைக்கோர்ப்பாளர் ஐவர் ரேமண்ட் அமைத்த வாத்தியக் கோர்வை பெரும் வேகத்தில் பாய, டஸ்டியின் குரல் அதற்கு ஈடுகொடுத்து மேலெழுகிறது. அன்றைய சிங்கிள் இசைத்தட்டுகள் மோனோவிலேயே, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் சேர்ந்த வடிவிலேயே, வந்தவை. கிடைத்தால் அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

1966இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ'யை ஹெட்ஃபோன் அணிந்து கேட்பது நல்லது. பினோ டோனாஜியோவின் இத்தாலியப் பாடலுக்கு ஆங்கில வரிகள் எழுதப்பட்டு உருவானது அது. பாடும்போது கேட்ட எதிரொலி மனத்திற்குப் பிடிக்காததால், டஸ்டி ஸ்டுடியோவின் மாடிப்படிக் கூடத்தில் நின்று பாடினார். உச்சத்தில் குரலைச் சூழும் அதிர்வைக் கவனியுங்கள். தன் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்த பாடகி அவர்.

இதற்குப் பின்னரே 'டஸ்டி இன் மெம்பிஸ்' ஆல்பத்தைத் தொடுங்கள். அவருடைய ஆகச் சிறந்த பதிவு அதுவே என்றாலும், லண்டன் பாடல்களைக் கேளாமல் அதில் நுழைபவருக்கு, அங்கே அவர் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார் என்பது புரியாது. ஜெரி வெக்ஸ்லர், டாம் டவுட், ஆரிஃப் மார்டின் ஆகியோரின் தயாரிப்பில் 1968இல் மெம்பிஸில் வாத்தியங்கள் பதிவாயின; டஸ்டி அங்கே தயங்கியதால், இறுதிக் குரல்பதிவு நியூயார்க்கில் நடந்தது. 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்' அமெரிக்காவில் 10ஆம் இடம்வரை சென்றும், ஆல்பம் அப்போது சரியாக விற்கவில்லை. இந்த ஆல்பத்தை மட்டும், எந்தப் பாடலையும் தாண்டாமல், முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.

பிலடெல்பியாவில் கேம்பிள், ஹஃப் என்ற இரு தயாரிப்பாளர்கள் உருவாக்கிய 1970ஆம் ஆண்டு ஆல்பம் இதமானது, ஆனால் ஒரே சாயல் கொண்டது. சில பாடல்கள் போதும். பிறகு நேராக 1987க்குச் சென்று, பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இரட்டையருடன் டஸ்டி பாடிய 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?' பாடலில் அவர் குரல் நுழையும் இடத்தைக் கேளுங்கள்.