வேற்றுலகச் சிக்னல் தேடுகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே ஏமாறும் இடங்கள்

ஆஸ்திரேலியாவில் உள்ள பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 1998 முதல் அவ்வப்போது ஒரு வினோதமான துடிப்பைப் பதிவுசெய்து வந்தது. ஒரு நொடிகூட நீடிக்காது. பார்ப்பதற்குத் தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் பகலில்தான் வரும். 2015இல் காரணம் தெரிந்தது: சூடாக்கி முடிப்பதற்குள் யாரோ அவசரப்பட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்திருக்கிறார்கள். 64 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் முழுநேர வானியலாளர்களும் இருந்த இடத்திலேயே இதைக் கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. மொட்டை மாடியில் 3 மீட்டர் டிஷ்ஷும் மேசையில் ஒரு கணினியுமாக வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் நம்மைப் போன்றவர்களுக்கு எத்தனை அடுப்புகள் காத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நான் பார்த்தவரை முதல் தவறு, கருவி வேலை செய்கிறதா என்று தெரியாமலேயே தேடலைத் தொடங்கிவிடுவது. டிஷ்ஷைப் பொருத்துகிறோம், திரையில் கோடுகள் நெளிகின்றன, அன்றிரவே வேட்டை ஆரம்பம். அந்த ரிசீவர் வானத்தைக் கேட்கிறதா, தன் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருக்கிறதா? முதலில் டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். இரைச்சல் மட்டம் தெளிவாக உயர வேண்டும். பிறகு தரையை நோக்கித் தாழ்த்துங்கள். சுமார் 290 கெல்வின் வெப்பத்தில் இருக்கும் தரையைக் குளிர்ந்த வானத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். அதன்பின் பால்வீதியின் ஹைட்ரஜனைப் பிடியுங்கள். 1420.4 மெகாஹெர்ட்ஸில், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அது எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இயற்பியலாளர்கள் கோக்கோனியும் மாரிசனும் 1959இல் தேடலுக்கு ஏற்ற இடம் என்று சொன்னதும் இந்த அதிர்வெண்ணைத்தான். ஹைட்ரஜனைப் பிடிக்க முடியாத கருவி வேறு எதைப் பிடித்ததாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தச் சோதனையில் தோற்பவர்கள் பலர் சிக்னலை வலுவாக்கும் பெருக்கியை மேசையருகே வைத்திருப்பார்கள். குறை இரைச்சல் பெருக்கி ஆண்டெனாவின் வாயிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் 10 மீட்டர் கேபிளை ஓடவிட்டால், அதில் தொலைந்த சிக்னலைப் பின்னால் எத்தனை பெருக்கி போட்டாலும் மீட்க முடியாது. ரிசீவரின் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டையும் நிறுத்திவிடுங்கள். சூரியன் வந்தால் அது தானாகவே ஒலியைக் குறைத்துவிடும், நீங்கள் அளந்தது ஒன்றுமே இல்லாமல் போகும்.

அடுத்தது ஆசைக் கணக்கு. 3 மீட்டர் டிஷ், சராசரியான பெருக்கி, 1 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் (தனியாகப் பார்க்கும் அதிர்வெண் துண்டு), 1 நொடிப் பதிவு என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த மாபெரும் அரேசிபோ தொலைநோக்கியின் ராடார் அளவுக்கு வலிமையான ஒலிபரப்பு நேராக நம்மை நோக்கியே வந்தாலும், சுமார் 2 ஒளியாண்டு தொலைவுக்குள்தான் கேட்கும். மிக அருகில் உள்ள விண்மீனோ 4.2 ஒளியாண்டில் இருக்கிறது. பதிவு நேரத்தைக் கூட்டலாம். நூறு மடங்கு நேரம் கொடுத்தால் தொலைவு மூன்று மடங்குதான் கூடும். இதற்காக யாரும் மனம் உடைய வேண்டியதில்லை. 1996இல் ஆர்வலர்களின் அமைப்பான செட்டி லீக் தொடங்கிய ஆர்கஸ் திட்டம் உலகெங்கும் 5,000 சிறு நிலையங்களை அமைத்து வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் கவனிக்க நினைத்தது. பெரிய தொலைநோக்கிகள் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்க முடியும். சிறியவர்களின் பலம் எண்ணிக்கையிலும் பொறுமையிலும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுத்து அதிலேயே தொங்கிக்கொண்டிருப்பது பெரிய டிஷ்காரர்களின் பழக்கம். அதை நாம் நகலெடுப்பதில் பொருள் இல்லை.

இனி, அதிகம் பேரை விழவைக்கும் பள்ளம். கணினியில் செருகிப் பயன்படுத்தும் விலை மலிந்த மென்பொருள் ரேடியோ ஒன்று 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறது. அதை 1 ஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டினால் நொடிக்கு 24 லட்சம் சேனல்கள். சராசரி இரைச்சலைப் போல 14 மடங்கு உயர்ந்த ஒரு முள்ளைத் திரையில் கண்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் வெறும் இரைச்சலிலேயே ஒரு சேனல் அந்த உயரத்தைத் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 0.8. இருபத்து நான்கு லட்சத்தோடு பெருக்கிப் பாருங்கள்: வானத்தில் எதுவுமே இல்லாமல் நொடிக்கு இரண்டு ‘வேற்றுலகச் சிக்னல்கள்’, ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் லட்சம்! எல்லையை 26 மடங்குக்கு மேல் உயர்த்தினால்தான் நாளொன்றுக்கு ஒரு பொய் எச்சரிக்கை என்ற அளவுக்கு இறங்கும். எல்லையை முதலிலேயே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். முள்ளைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்துகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

எல்லையைத் தாண்டியது ஒன்று அகப்பட்டால்? அதைச் சந்தேகிக்க வேண்டும், முதலில் உங்கள் வீட்டை. கணினித் திரை, சார்ஜர், யுஎஸ்பி கேபிள், ரிசீவருக்குள்ளேயே கடிகாரம்போலத் துடிக்கும் படிகம் என எல்லாமே சிறு ஒலிபரப்பு நிலையங்கள். மலிவான ரிசீவர்கள் பலவற்றில் படிகம் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அதன் 50ஆம் மடங்கு 1440 மெகாஹெர்ட்ஸ், தேடும் இடத்துக்குப் பக்கத்து வீடு. ஒருமுறை மூன்று இரவுகள் தொடர்ந்து ஒரே இடத்தில் ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்துத் தூக்கம் கெட்டேன். நான்காம் இரவில் பக்கத்து அறையின் மின்விளக்கை அணைத்ததும் கோடும் அணைந்தது.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது என்பது உண்மைதான். அதை நம்பி அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே ஒலிபரப்பாதவை விதியைப் படிப்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் ஒரு சிக்னல் 1381 மெகாஹெர்ட்ஸில், வேலியோரத்திலேயே வருகிறது. நல்ல வடிகட்டி இல்லாத பெருக்கி வெளியே இருக்கும் வலிய சிக்னலால் திணறி, உள்ளே இல்லாததையெல்லாம் காட்டும்.

வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 1960இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் ஓஸ்மா என்ற வேற்றுலகச் சிக்னல் தேடல் திட்டத்தைத் தொடங்கியபோதே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது. எப்சிலான் எரிடானி என்ற விண்மீன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிய சிறிது நேரத்தில் பலமான துடிப்பு கேட்டது. டிஷ்ஷை விலக்கியதும் காணவில்லை; திரும்ப வந்தபோதும் இல்லை. அவர் சன்னலுக்கு வெளியே ஒரு சிறிய கொம்பு ஆண்டெனாவை நீட்டிவைத்தார். சில நாள் கழித்துத் துடிப்பு மீண்டும் வந்தபோது அந்தக் கொம்பிலும் கேட்டது. கொம்பு அந்த விண்மீனை மட்டும் நோக்கியிருக்கவில்லை, அதனால் அது விண்மீன் அல்ல. எல்லாத் திசையிலும் கேட்கும் இரண்டாவது ஆண்டெனாவை இன்றும் பலர் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மாலை நேர வேலையில் முடிகிற காரியம் அது.

டிஷ்ஷை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்திப் பூமி சுழலும்போது வானம் கடந்துபோக விடுவதுதான் எளிய முறை. 3 மீட்டர் டிஷ்ஷுக்கு 21 சென்டிமீட்டரில் பார்வை அகலம் சுமார் 5 பாகை. வான நடுக்கோட்டில் உள்ள ஒரு புள்ளி அதைக் கடக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். விண்மீனிலிருந்து தொடர்ந்து வருவதாக இருந்தால் சிக்னல் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று தொடங்கி சட்டென்று முடிவது பெரும்பாலும் சுவிட்ச். மறுநாள் அதே புள்ளி சுமார் 4 நிமிடம் முன்னதாக வரும். தினமும் சரியாக இரவு ஒன்பது மணிக்கு வரும் சிக்னல் மனிதர்களின் கடிகாரப்படி நடக்கிறது, விண்மீன்களின் கடிகாரப்படி அல்ல. 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த புகழ்பெற்ற ‘வாவ்’ சிக்னலை மக்கள் இன்னும் விவாதிக்கக் காரணம் அது இந்த ஏற்ற இறக்கச் சோதனையில் தேறியதுதான்: 72 நொடியில் அழகாக ஏறி இறங்கியது. மீண்டும் மீண்டும் தேடியும் பின்பு வரவில்லை. எஞ்சியிருப்பது 10 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலின் வலிமையைச் சொல்லும் ஆறு எழுத்தெண்கள். சேனலுக்குள் என்ன இருந்தது என்பதை அவற்றிலிருந்து எடுக்க வழியில்லை. மூலப் பதிவைச் சேமிக்காமல் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் அன்பர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

டாப்ளர் விளைவில், அதாவது அனுப்புபவரோ கேட்பவரோ நகர்வதால் அதிர்வெண் மாறுவதில், இரண்டு பக்கமும் வழுக்கும். பூமியின் சுழற்சியால், வானிலிருந்து வரும் நிலையான சிக்னல் உச்சியைக் கடக்கும்போது 1420 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரை கீழிறங்கும். கொஞ்சமும் நகராத கோடு பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். ஆனால் நகர்கிறது என்பதாலேயே விண்ணுக்குச் சொந்தம் என்று எண்ணிவிடக்கூடாது. மலிவான படிகம் சூடேறும்போதும் இப்படித்தான் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால்கூட இங்கே 1,420 ஹெர்ட்ஸ். கருவியை அரைமணி நேரம் சூடாக விட்ட பிறகுதான் பதிவைத் தொடங்க வேண்டும்.

இத்தனையும் தாண்டியது ஒன்று வந்தால், உலகத்துக்கு அறிவிப்பதற்கு முன் இன்னொரு நிலையத்திடம் கேளுங்கள். 1997இல் கிரீன் பேங்கில் ஒரு சிக்னல் ஆய்வாளர்களை நாள் முழுக்கப் பதற்றத்தில் வைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மாநிலத்தில் இருந்த இரண்டாவது தொலைநோக்கி மின்னல் தாக்கிப் பழுதாகியிருந்தது. கடைசியில் அது சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம். மறு ஆண்டு அக்டோபரில் பெயர் சொல்லாத ஒருவர் ஈக்யூ பெகாசி என்ற விண்மீனிலிருந்து சிக்னல் கிடைத்ததாகப் படங்களை வெளியிட்டார்; செய்தி பரவியது, பலர் அத்திசையில் ஆண்டெனாவைத் திருப்பினார்கள், யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. புரளி என்று செட்டி லீக் சொன்னது.

அப்படி இன்னொரு நிலையத்து நண்பருக்கு அனுப்பும் செய்தியில் திசை, துல்லியமான நேரம், அதிர்வெண், நகரும் வேகம், எத்தனை மடங்கு உயரம், கொம்பு ஆண்டெனாவில் என்ன தெரிந்தது என்பவை இருந்தால் போதும். எந்த விண்மீன் என்ற ஊகத்தை எழுதாதீர்கள். அவர் அதைத்தான் தேடத் தொடங்கிவிடுவார்.