தரையில் எண்கோடு: நடக்க வைத்துக் கழித்தல் படிப்பிப்பது எப்படி

ஆரம்பப் பிரிவில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளை எழுப்பி நடக்கவிட்டால் சத்தம்தான் மிஞ்சும் என்பார்கள். சத்தம் வரும்தான். ஆனால் இலினோய் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் நடந்த பிறகு பிள்ளைகள் கூடிய கவனத்தோடு விடை சொன்னார்கள். நெதர்லாந்தில் 2 வருடம் உடலசைவோடு பாடம் நடத்தியபோது கணிதமும் எழுத்துக்கூட்டலும் முன்னேறின. வாசிப்பில் அப்படி ஒரு வித்தியாசம் வரவில்லை. ஆகவே எல்லாப் பாடத்தையும் குதித்துக் குதித்து நடத்த வேண்டியதில்லை. கணக்கில் தொடங்குங்கள்.

1. கோடு போடுதல்
வாங்குகளைச் சுவரோரம் தள்ளி, சீமெந்துத் தரையில் ஒரு நீளக் கோடு கீறி, அதில் 0 முதல் 20 வரையான எண்களை 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறியுங்கள். மொத்தம் 6 மீற்றர் வரும். வகுப்பு போதாவிட்டால் விறாந்தை இருக்கிறது. மாஸ்கிங் ரேப் வேண்டாம், புழுதித் தரையில் ஒட்டாது. வெண்கட்டியைத் தண்ணீரில் தோய்த்து எழுதினால் காய்ந்த பிறகு எடுப்பாகத் தெரியும், கெதியில் அழியாது. முற்றத்து மணலில் கீறலாம்தான், ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள்.

2. ஆள் பிரித்தல்
ஒருவர் நடக்க, ஒருவர் கணக்குச் சொல்ல, ஒருவர் கரும்பலகையில் எழுத. மற்றவர்கள் கை தட்ட. கிளித்தட்டு விளையாடிப் பழகிய பிள்ளைகள் கோட்டைக் கண்டதும் ஓடப் பார்ப்பார்கள். ஓடினால் எண்ணிக்கை குழம்பும்.

3. நடத்தல்
இங்கேதான் நான் கனநாள் மாட்டுப்பட்டுக் கிடந்தேன். 12இலிருந்து 5ஐக் கழி என்றால், பிள்ளை 12இல் நின்றபடியே “ஒன்று” என்று தொடங்கும். 11இல் “இரண்டு”, 10இல் “மூன்று”... கடைசியில் 8இல் நின்று “8, மிஸ்” என்னும். விடை 7. கொப்பியிலும் இதே பிழைதான் வருகிறது: விரலை மடக்கி 12, 11, 10, 9, 8 என்று ஐந்து எண் சொல்லி முடித்துவிடும். ஆனால் கொப்பியில் பிழையான விடை மட்டும்தான் கிடக்கும், அது எங்கே பிறந்தது என்று தெரியாது. தரையில் காலைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். பிள்ளையை நடக்க வைப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

வழி இலகு. நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூடாது. கால் அடுத்த குறியில் பட்ட பிறகே “ஒன்று”. பட்டதும் எல்லோரும் ஒரு தட்டு. பின்பக்கமாக நடக்க விடாதீர்கள், விழுவார்கள். 0ஐப் பார்த்துத் திரும்பி நின்று முன்னோக்கி நடக்கட்டும்.

4. கொப்பிக்குத் திரும்புதல்
நடந்த சூடு ஆறமுன் அதே கோட்டைக் கொப்பியில் கீறி, விரலால் அதே கணக்கைச் செய்ய வையுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளினால் நடந்தது விளையாட்டாகவே போய்விடும்.

பிற்சேர்க்கை: வகுப்புகளுக்கு இடையில் தட்டி மறைப்பு மட்டும் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கை தட்டுவது பக்கத்து வகுப்பைக் குழப்புகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தட்டுவதற்குப் பதில் விரலை உயர்த்தச் சொல்லுங்கள். நடக்க முடியாத பிள்ளை இருந்தால் மேசையில் சின்னக் கோடு கீறி, புளியங்கொட்டையை நகர்த்தட்டும்; கணக்குச் சொல்லும் வேலையையும் அவரிடமே கொடுங்கள்.