அச்சமற்ற கடந்தகாலத்தை அமைப்பது எப்படி: தன்பாலீர்ப்பு வரலாற்றுக் காதல் கதை எழுதுவோருக்கு ஒரு செய்முறை

நிஜ இங்கிலாந்தில் ஆணை நேசித்த ஆண்கள் 1835 வரை தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பயமே இல்லாத இங்கிலாந்தில் இருவர் காதலிப்பதை எழுத வேண்டும் என்பதற்காகவே என் நாவலைத் தொடங்கினேன். அதன் உலகத்தை அமைத்தபோது எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே தருகிறேன்.

படி 1: வரலாறு கிளைபிரியும் ஆண்டு. ஆண்களிடையிலான உடலுறவுக்கு மரண தண்டனை விதித்த 1533-ஆம் ஆண்டுச் சட்டம், 1553-இல் மேரி அரசியின் ஆட்சியில் நீங்கி, 1563-இல் முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் திரும்பி வந்தது. அது திரும்பவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு கிளைபிரிய இந்த ஒரு மாற்றமே போதும்.

படி 2: திருமணம். சட்டம் நீங்கினால் தண்டனைதான் நீங்கும், மதிப்பு தானாக வந்துவிடாது. ஆகவே திருச்சபையும் மாற வேண்டும். 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆலயத்தில் ஓலை வாசிப்பதையோ (மணக்கப்போகிறவர்களின் பெயர்களை முன்கூட்டி அறிவிப்பதையோ) உரிமம் பெறுவதையோ கட்டாயமாக்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சபையார் முன்னிலையில் இரண்டு ஆண்களின் பெயர்கள் சேர்த்து வாசிக்கப்படுவதை அவசியம் எழுதுங்கள். உங்கள் உலகத்தின் இயல்பை அந்த ஒரு காட்சியே உணர்த்திவிடும்.

படி 3: வாரிசு. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். நானும் இங்கேதான் நெடுநாள் நின்றேன். பிரபுப் பட்டம் பொதுவாக முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வழியில்தான் இறங்கும், தத்தெடுப்புக்கோ இங்கிலாந்தில் 1926 வரை சட்டமே கிடையாது. எனவே உங்கள் பிரபு ஓர் ஆணை மணந்தால், பட்டம் தம்பி மகனுக்கோ தூரத்து உறவினருக்கோ போய்விடும். அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் தத்துப்பிள்ளைக்கும் பட்டம் உண்டு என்று சட்டத்தை மாற்றுவதையே நான் விரும்புகிறேன். ஏனென்றால், அதுவரை எல்லாம் தனக்கே என்று காத்திருந்த உறவினர் ஒரே நாளில் அனைத்தையும் இழக்கிறார். காதலர்களை வெறுக்காமலே அவர்களுக்கு எதிராக நிற்பதற்கு அவருக்கு வலுவான காரணம் கிடைக்கிறது. ஏற்கும் உலகில் மோதலே இருக்காது என்று அஞ்சுவோர் முதலில் இந்தப் படியைச் செய்து பார்க்க வேண்டும்.

கருவி. உலக உருவாக்கத்துக்கென விற்கப்படும் மென்பொருள்கள் வேண்டாம். அவற்றின் கட்டங்களை நிரப்புவதிலேயே கதை தள்ளிப்போகும். ஓர் எக்செல் தாளில் ஆண்டு, உண்மைச் சட்டம், என் உலகில் அதன் நிலை என்று மூன்று பத்திகள் போதும்.

பின்சேர்க்கை: மணமானதும் மனைவியின் சொத்து கணவருக்குப் போன காலத்தில், இரு ஆண்கள் மணந்தால் யாருடைய சொத்து யாருக்குச் சேரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி. நிஜத்திலேயே செல்வர் குடும்பங்கள் திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. உங்கள் உலகில் அதையே இருவருக்கும் கட்டாயமாக்கிவிடுங்கள். பணக்காரர் தாராளமாக எழுதித்தர முன்வர, ஏழைக் காதலர் தன்மானத்தால் ஒவ்வொரு வரியையும் வழக்கறிஞரின் எதிரிலேயே அடித்து நீக்கச் சொல்லும் காட்சியை, படி 2-இல் சொன்ன ஓலை வாசிக்கும் காட்சிக்கு முன்பே வைக்கலாம்.