மனை, வீடு விவரத்தைப் பகிரும்போது புரோக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஒரு மனை விற்பனைக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது வாட்ஸ்அப் குழுவில்தான். ஓனரிடம் பேசியவர் போடுகிறார். இன்னொருவர் அதில் தன் நம்பரைச் சேர்த்து அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறார். நாலு கை மாறுவதற்குள் அளவும் விலையும் சாலை அகலமும் வேறாகிவிடுகின்றன. அமெரிக்காவில் ஏஜென்ட்டுகள் எம்.எல்.எஸ். என்ற பொதுப் பட்டியலில் வீட்டை ஏற்றுகிறார்கள்; அதில் விலையைத் திருத்தினால் அந்தப் பட்டியலைப் பார்க்கும் எல்லோருக்கும் திருத்தம் தெரியும். நம் குழுக்களில் அந்த வசதி கிடையாது. எனவே எத்தனை கை மாறினாலும் விவரம் குலையாத மாதிரி எழுத வேண்டியது முதல் மெசேஜ் போடுபவரின் பொறுப்பு.

ஓனர் சம்மதம் இல்லாமல் போடுவது

டீக்கடையில் காதில் விழுந்ததை வைத்துப் போடும் பதிவுகள்தான் அதிகக் கெடுதல் செய்கின்றன. ஒரே வீட்டை ஐந்து பேர் ஐந்து விலைக்குப் போட்டால், வாங்க வருபவர் ஓனர் அவசரத்தில் இருக்கிறார் என்று நினைத்து, கண்ணில் பட்ட குறைந்த விலையிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். நஷ்டம் விற்பவருக்கு.

போடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பத்திரம் யார் பேரில் இருக்கிறது? பேசுபவர் ஓனரா, பவர் ஏஜென்ட்டா (ஓனர் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் பெற்றவர்), மகனா? பூர்வீகச் சொத்து என்றால் பங்காளிகள், சகோதரிகள் உட்பட எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்? பிறகு "இந்த விலைக்கு, இந்தத் தேதி வரை உங்கள் மூலம் காட்டலாம்" என்று ஓனரிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலாக வந்தால்கூடப் பரவாயில்லை. வாய்ப்பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

அளவைக் குத்துமதிப்பாக எழுதுவது

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனையை "ஒரு கிரவுண்டு" என்று எழுதினால் 222 சதுர அடி காற்றில் போகிறது. சதுர அடி 5,000 ரூபாய் என்றால் அது 11 லட்சத்துக்கு மேல். குழி, மா போன்ற அளவுகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பக்கத்தில் சதுர அடிக் கணக்கையும் எழுத வேண்டும். பத்திரம், பட்டா, நேரில் அளந்தது மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், மூன்றில் குறைந்ததைப் போட்டு வித்தியாசத்தையும் சொல்லிவிடுங்கள். முகப்பு, ஆழம், சாலை அகலம் மூன்றும் கட்டாயம். எவ்வளவு கட்டலாம் என்பதில் சாலை அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுக்குமாடி வீட்டில் குழப்பம் இன்னும் கூடுதல். "1,200 சதுர அடி" என்று மட்டும் எழுதினால் அது சூப்பர் பில்ட்-அப்பா (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கும் சேர்ந்த அளவு), கார்பெட் ஏரியாவா (வீட்டுக்குள் புழங்கும் இடம்) என்று யாருக்கும் தெரியாது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்பெட் ஏரியாவில் உள்சுவர்கள் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. கார்பெட் ஏரியா, யு.டி.எஸ். (நிலத்தில் பிரிபடாத பங்கு), கட்டிய வருடம் மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். பழைய வீடு என்றால் வாங்குபவர் முதலில் கேட்பதே யு.டி.எஸ். எவ்வளவு என்றுதான்.

"அப்ரூவ்டு" என்று மட்டும் போடுவது

எந்த அப்ரூவல்? சி.எம்.டி.ஏ.வா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டி.டி.சி.பி.யா (நகர் ஊரமைப்பு இயக்ககம்), எண் என்ன, எந்த வருடம்? "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்பதை மனைப்பிரிவு அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது; அதை நம்பி வாங்கியவர்கள் வீட்டுக் கடனுக்கும் பிளான் அனுமதிக்கும் அலைகிறார்கள். 20.10.2016-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறையான மனை என்றால் அந்த ஆணை எண்ணைப் போடுங்கள்.

பில்டர் அனுப்பும் "ப்ரீ-லான்ச்" (முறையான அறிமுகத்துக்கு முந்தைய விற்பனை) படத்தை அப்படியே ஃபார்வர்டு செய்வது இதைவிட ஆபத்து. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டைத் தாண்டினால் அந்தத் திட்டத்தை ரெராவில் பதியாமல் விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது. பதிந்த திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறும் ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது அந்த வீடு அல்லது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். படத்தை அனுப்பியது பில்டர் என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றாது.

விலையின் மேல் வைப்பதும், கமிஷனைப் பேசாமல் விடுவதும்

ஓனர் 80 லட்சம் சொன்னால் 80 லட்சம்தான் போட வேண்டும். மேல் வைத்துப் போட்ட விலை, ஓனரும் பார்ட்டியும் நேரில் உட்காரும் அன்றே வெளியே வந்து பேச்சே முறிந்துவிடும். கமிஷன் எத்தனை சதவீதம், எந்தப் பக்கம், எத்தனை புரோக்கருக்குப் பங்கு என்பதை இடம் காட்டப் போகும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். 80 லட்சத்தில் 2 சதவீதம் 1.6 லட்சம். நடுவில் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 32,000. இந்தக் கணக்கை முன்பே சொல்லிவிட்டால் கிரயத்தன்று சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் சண்டை வராது.

பத்திரத்தையே குழுவில் போடுவது

தாய்ப்பத்திரம், ஆதார், பான் நகல்களைக் குழுவில் போட்டால் அவை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆள்மாறாட்டத்துக்கும் போலிப் பத்திரத்துக்கும் அதுவே மூலப்பொருள். குழுவுக்கு ஏரியா, அளவு, படம் போதும். சர்வே எண்ணை இடம் பார்த்துவிட்டு ஆர்வம் காட்டுபவருக்குத் தனியாகக் கொடுங்கள். பட்டாவும் வில்லங்கமும் அரசுத் தளங்களில் ஆன்லைனிலேயே பார்க்கலாம், அவரே பார்த்துக்கொள்வார். பத்திர நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதைப் பக்கத்தின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

தேதி இல்லாத பதிவு

விற்றுப்போன வீட்டுக்கு ஆறு மாதம் கழித்தும் போன் வரக் காரணம் இதுதான். ஒவ்வொரு மெசேஜின் முதல் வரியிலும் தேதியும் ஒரு குறிப்பு எண்ணும் வையுங்கள். டோக்கன் (முன்பணம்) வாங்கியதும் "பேச்சில் உள்ளது" என்றும், கிரயம் முடிந்ததும் "விற்றாயிற்று" என்றும் பழைய மெசேஜுக்கு ரிப்ளையாகப் போடுங்கள். (டோக்கனை வங்கி வழியாகவே வாங்கச் சொல்லுங்கள், சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை.) வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். எல்லோருக்கும் அழிக்கவும் இரண்டு நாள் சொச்சம்தான். அதற்குப் பிறகு குறிப்பு எண்ணோடு புது மெசேஜ் போட்டு, முதலில் அனுப்பிய எல்லாக் குழுவுக்கும் அனுப்ப வேண்டியதுதான். எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியலையும் அந்த எண்ணின் கீழேயே எழுதி வையுங்கள்.